பத்தொன்பது கண் பாலம்

வளைவு வைத்துக் கட்டிய பாலத்தின் ஒவ்வொரு திறப்பையும் நம் ஊரில் ‘கண்’ என்று சொல்வோம். இதற்கு ஏழு கண், அதற்குப் பதிமூன்று கண் என்று சித்தாள் முதல் செயற்பொறியாளர் வரை அப்படித்தான் எண்ணுவார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் பாலங்களையும் மதகுகளையும் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எந்த ஊருக்குப் போனாலும் பாலத்தைப் பார்த்தவுடன் கண்களை எண்ணிவிடுவது எனக்குப் பழகிப்போன பைத்தியம். ஆனால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பத்தொன்பது கண் பாலம் ஒன்றின் மேல் நான்கு நாட்கள் போகவும் வரவும் நடந்தேன். ரொட்டி வாங்கினேன், பேருந்து ஏறினேன், மழைக்கு ஒதுங்கினேன். அது பாலம் என்றே எனக்குத் தெரியவில்லை.

அதைச் சொன்னவன் என் அக்கா மகன். அந்த ஊரில் முதுகலை படிக்கிறான். “மாமா, நீங்க நிக்கிறது ரோடு இல்ல, பாலம். நாளைக்கு ராத்திரி பத்து மணிக்கு அடியில கூட்டிட்டுப் போறேன். டிக்கெட் போட்டாச்சு. பேய் பாக்குற டூர்” என்றான். பாலம் என்ற சொல்லுக்கு மயங்கித்தான் சம்மதித்தேன். பேய் விஷயத்தில் நான் எந்தக் கட்சியிலும் இல்லை. பகலில் இல்லை என்பேன், இரவில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்வேன்.

எடின்பரோவின் நில அமைப்பு தெரியாமல் இந்தப் பாலத்தைப் புரிந்துகொள்ள முடியாது. பழைய நகரம் ஒரு முதுகெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அணைந்துபோன எரிமலையின் கெட்டிப்பாறை மேல் கோட்டை. அங்கிருந்து கிழக்கே சரிந்து இறங்கும் மேட்டின் உச்சியில் ராயல் மைல் என்ற நெடுந்தெரு. அதன் இரு பக்கமும் மீன் முள்ளைப் போல இறங்கும் குறுகலான சந்துகள். தெற்குப் பக்கச் சந்துகள் போய் முடிவது கௌகேட் என்ற பள்ளத் தெருவில். ஸ்காட்டியர் பேச்சில் ‘கேட்’ என்றால் வாசல் அல்ல, தெரு. சந்தைக்கு மாடு ஓட்டிப்போன தெரு அது. அந்தப் பள்ளத்தைத் தாண்டித் தெற்கே போக வேண்டுமானால் வண்டியும் ஆளும் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறியாக வேண்டும். அதைத் தவிர்க்க 1785-இல் கட்டத் தொடங்கி 1788-இல் வண்டிகளுக்குத் திறந்துவிட்டதுதான் சவுத் பிரிட்ஜ். ஏறக்குறைய முந்நூறு மீட்டர் நீளம். பாலம் முடிந்த கையோடு இரு பக்கமும் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பி அதன் விலாவை ஒட்டிக்கொண்டன. மேலே கடைத்தெரு, கீழே வளைவுகளின் வாய்கள் அந்தக் கட்டடங்களின் முதுகுச் சுவரால் அடைபட்டன. பத்தொன்பது கண்களில் இன்று திறந்திருப்பது கௌகேட் தெருவின் மேல் நிற்கும் ஒன்று மட்டும்தான். பதினெட்டுக் கண்கள் மூடியே கிடக்கின்றன.

நவம்பர் மாதம். நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் இரவு பத்து மணி என்பது நம் கணக்குக்கு நடுச்சாமம். டிரான் கிர்க் என்ற பழைய தேவாலயத்தின் பக்கத்தில் பதினைந்து பேர் கூடினோம். பெரும்பாலோர் சற்று முன்பே எங்கோ தொண்டையை நனைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வழிகாட்டி, கறுப்பு மேலங்கி போட்ட ஒரு பெண். வயது முப்பது இருக்கலாம். நாடகக் குரல் என்றாலும் கேலி இல்லாத குரல். கர்ப்பிணிகள், இருதய நோயாளிகள் பற்றிய எச்சரிக்கைகளைச் சொல்லிவிட்டு, பாலத்தின் சாபக் கதையோடு தொடங்கினார்.

பாலத்தை முதலில் கடக்கும் மரியாதையை, ஊரில் எல்லோரும் மதித்த மூத்த பெண்மணி ஒருவருக்கு, ஒரு நீதிபதியின் மனைவிக்கு, வாக்களித்திருந்தார்களாம். திறப்பு நாளுக்குச் சற்று முன் அவர் இறந்துவிட்டார். கொடுத்த வாக்கு வாக்குத்தானே என்று அவருடைய சவப்பெட்டியை முதலில் கடத்தினார்கள். பிணம் திறந்து வைத்த பாலத்தில் கால் வைக்கப் பயந்து பல ஆண்டுகள் ஜனங்கள் பள்ளத்தில் இறங்கி ஏறியே போனார்களாம். இந்தக் கதை உண்மையா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது; ஆனால் இத்திட்டத்தை முன்னின்று நடத்திய நகரத் தலைவர் ஜேம்ஸ் ஹண்டர் பிளேர், பாலம் முடிவதைப் பார்க்காமல் 1787-இல் காலமானது வரலாறு. அவர் பெயரை இரண்டாகப் பிரித்துப் பக்கத்துச் சதுக்கத்துக்கு ஹண்டர் என்றும், நாங்கள் இறங்கப் போன தெருவுக்கு பிளேர் என்றும் வைத்திருக்கிறார்கள். சாவுக் கதைகளுக்கு ஆள் தேட வேண்டிய அவசியமே அந்த ஊரில் இல்லை.

பிளேர் ஸ்ட்ரீட் செங்குத்தாக இறங்குகிறது. நடுவில் ஒரு சாதாரணக் கதவு. குடோன் கதவு என்று நினைத்துக் கடந்துவிடலாம். உள்ளே கல் படிகள், மெழுகுவத்திகள், பிறகு ஒரு நீண்ட நடை. முதலில் உறைத்தது குளிர் அல்ல, வாசனை. ஓதம் ஏறிய சுண்ணாம்பின் வாசனை. வருடக்கணக்காகத் திறக்காத மதகின் கதவைத் தூக்கும்போது வருமே, அதே வாசனை. ஐயாயிரம் மைல் தாண்டி வந்தும் என் மூக்குக்கு அது ஊர் வாசனையாக இருந்தது.

தலைக்கு மேலே பார்த்தேன். வளைவின் வயிற்றுப் பகுதி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. அதாவது நாங்கள் நின்றது தரை அல்ல. பெரிய கண்ணுக்குள் இடைத்தளங்கள் போட்டு, குறுக்குச் சுவர்கள் எழுப்பி, அறை அறையாகப் பிரித்திருக்கிறார்கள். இப்படிப் பாலத்துக்குள் மொத்தம் நூற்றிருபது அறைகள் வரை உண்டு. சில, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். சில, கல்யாணப் பந்தி போடலாம். தொடக்கத்தில் மேலே இருந்த கடைக்காரர்களின் சரக்கறைகளாகவும் பட்டறைகளாகவும் இவை இருந்தன. செருப்புத் தைப்பவர்கள், கத்தி செய்பவர்கள், உலோகம் உருக்குபவர்கள், மதுக்கடைக்காரர்கள் ஆகியோர் இங்கே தொழில் நடத்தினார்கள். ஜன்னல் கிடையாது. மீன் எண்ணெய் விளக்கு புகைய, அதன் கீழே தோல் வெட்டியிருக்கிறார்கள்.

வழிகாட்டி பேசிக்கொண்டே போக, நான் சுவரைத் தொட்டேன். கை நனைந்தது. இந்தப் பாலத்தின் உண்மையான சாபம் அந்த ஈரத்தில்தான் இருக்கிறது. வளைவுப் பாலத்தில் வளைவின் முதுகின்மேல் மண்ணும் கல்லும் நிரப்பி, அதன்மேல் சாலை போடுவார்கள். சாலையில் விழும் மழை, ஓடிப்போக வழியில்லாவிட்டால், நிரப்பிய மண்ணுக்குள் இறங்கும். மண்ணிலிருந்து கல் இணைப்புகளுக்குள் இறங்கும். இறங்கும் வழியில் சாந்திலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே வந்து வெள்ளையாகப் பூக்கும். இதைத் தடுக்க வளைவின் முதுகிலேயே நீர் புகாத ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் நீர் வடியத் துளை விட வேண்டும். சவுத் பிரிட்ஜில் மேற்பரப்பை ஒழுங்காக அடைக்கவே இல்லை. ஸ்காட்லாந்து மழை எப்படிப்பட்டது என்பதை நான்கு நாளில் நான் தெரிந்துகொண்டேன். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவசரமும் சிக்கனமும் சேர்ந்தால் எந்த நாட்டிலும் முதலில் விடுபடுவது, முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத வேலைதான். பாலம் திறந்து பத்து ஆண்டு முடிவதற்குள், 1795-வாக்கிலேயே, சரக்கு நனைகிறது என்று வியாபாரிகள் காலி செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

காலியான இடம் காலியாக இருப்பதில்லை. வாடகைக்கு வேறு இடம் கிடைக்காதவர்கள் உள்ளே வந்தார்கள். ஹைலாண்ட் மலைப்பகுதிகளில் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டவர்களும், அயர்லாந்தில் இருந்து பிழைக்க வந்தவர்களும் அந்தக் காலத்தில் நகரத்தில் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் இல்லை, ஓடும் நீர் இல்லை, கழிப்பிடம் இல்லை; கூரையில் இருந்து மட்டும் நீர் குறைவில்லாமல் வந்தது. 1815-இல் சுங்க அதிகாரிகள் இங்கே ஒரு கள்ளச் சாராய வடிசாலையைக் கண்டுபிடித்தார்கள். அது ஒன்றரை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது என்று அன்றைய பத்திரிகை எழுதியது. விஸ்கி வடிப்பதற்கு வேண்டிய தண்ணீரைக் கூரையே கொடுத்திருக்கும் என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு மருமகன் சிரித்துவிட்டான். வழிகாட்டி திரும்பி எங்களைக் கண்டிப்பாகப் பார்த்தார்.

அடுத்த அறைகளில்தான் பேய்கள் வரிசையாக அறிமுகமாயின. முழங்கால் வரை பூட்ஸ் போட்ட, நாற்றமடிக்கும் வாயோடு காதுக்கருகே வந்து ‘வெளியே போ’ என்று சொல்லும் ஒருவர். அவருக்கு மிஸ்டர் பூட்ஸ் என்று பெயர். பெண்களின் கையைப் பிடித்து இழுக்கும் ஒரு சிறுவன். அவன் பெயர் ஜாக். மூலையில் உட்கார்ந்து தோல் தைக்கும் ஒரு செருப்புத் தொழிலாளி. அவர் நல்லவர், யாரையும் தொந்தரவு செய்வதில்லை. மேலங்கிப் பெண் இவர்களைப் பற்றிச் சொன்னபோது, ஒரே தெருவில் குடியிருப்பவர்களைப் பற்றிச் சொல்வது போலவே இருந்தது. பிறகு, அனைவரும் சுவரோரம் நிற்கச் சொல்லி, கையிலிருந்த விளக்கை அணைத்தார்.

அந்த இருட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுபோல இருந்த இருட்டு அது. மேலே எங்கேயோ பேருந்து போவது காதில் விழவில்லை, பாதத்தில் தெரிந்தது. பக்கத்து அறையில் யாரோ நடப்பது போல ஒரு சத்தம், நின்றது, மறுபடி வந்தது. என் இடதுபக்கம் நின்ற ஒரு பெண் திடீரென்று அலறினார். யாரோ கழுத்தைத் தொட்டார்கள் என்றார். அதே நேரத்தில் என் பின்கழுத்திலும் சில்லென்று ஏதோ பட்டது. முப்பத்தோரு ஆண்டு அனுபவம் அது ஒரு சொட்டுத் தண்ணீர் என்று சொன்னது. ஆனால் அனுபவம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் மருமகனின் கையை இறுகப் பிடித்திருந்தேன். அந்த உண்மையை அவன் இன்றுவரை குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

விளக்கு மறுபடி ஏறியபோது, நான் பேயைத் தேடவில்லை. சொட்டு எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தேன். வளைவின் உச்சிக்கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, இணைப்பில் ஒரு கருத்த கோடு. அதன் நேர் கீழே தரைக்கல்லில் சிறு குழி விழுந்திருந்தது. அங்கே ஒரு பாத்திரம் வைத்தால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்த மறுகணம், பல ஆண்டுகளாக நினைத்துப் பார்க்காத ஒருத்தி நினைவுக்கு வந்தாள்.

1990-களில் ஒரு பழைய ஆற்றுப் பாலத்தை மழைக்காலத்துக்கு முன் சோதிக்க அனுப்பப்பட்டிருந்தேன். ஆற்றில் மணல்தான் இருந்தது. கரையோரக் கண்கள் இரண்டில் குடும்பங்கள் குடியிருந்தன. சாக்குத் திரை, மூன்று கல் அடுப்பு, சுவரில் ஆணி அடித்து மாட்டிய சாமி படம். ஒரு கண்ணின் வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தது. வெள்ளம் வரும் முன் அவர்களைக் காலி செய்ய வேண்டும் என்பது உத்தரவு, அது நியாயமான உத்தரவும்கூட. டார்ச் அடித்து விரிசல் தேடிக்கொண்டிருந்த என்னிடம் அந்தக் கண்ணில் இருந்த பெண், “சார், அங்க தேடாதீங்க. இங்கதான் ஒழுகும். லாரி போனா சாமி படம் ஆடும்” என்று சொல்லி ஒரு அலுமினியச் சட்டியைக் காட்டினாள். சட்டிக்கு நேர் மேலே பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக எங்கள் ஆய்வில் யாருக்கும் அகப்படாத விரிசல் அங்கே இருந்தது. அளவுப் புத்தகத்தில் விரிசலின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் எழுதினேன். அதற்குக் கீழே, ‘இரு கண்களிலும் இருந்த தடைகள் அகற்றப்பட்டன’ என்று ஒரு வரி எழுதினேன். அவள் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

பிளேர் ஸ்ட்ரீட் கதவுக்கு வெளியே வந்தபோது மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. கடைசி அறையில் வழிகாட்டி சொன்ன ஒரு கதை மட்டும் என்னை உறங்கவிடவில்லை. 1824 நவம்பரில் பழைய நகரத்தில் பெரும் தீ பிடித்தபோது, கல் அறைகள் பாதுகாப்பு என்று நம்பி ஜனங்கள் கூட்டமாக இந்த நிலவறைகளுக்குள் ஓடிவந்தார்கள் என்றும், மேலே எரிந்த தீயில் கல் காய்ந்து, அறைகள் சூளையாகி, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெந்து மாண்டார்கள் என்றும் அவர் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. அலறிய பெண் அழுதுவிட்டார்.

மறுநாள் நான் தேசிய நூலகத்துக்குப் போனேன். (அதுவும் ஒரு பாலத்தின் மேல்தான் இருக்கிறது. ஜார்ஜ் நான்காம் பாலம் என்று பெயர்; தெரு மட்டத்தில் நுழைந்தால் புத்தக அடுக்குகள் கௌகேட் பள்ளம் வரை கீழே இறங்குகின்றன. ஈரத்தில் இருந்து புத்தகத்தைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.) தீயைப் பற்றி நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். நாட்கணக்கில் எரிந்திருக்கிறது, ஏறக்குறைய நானூறு வீடுகள் போயின, டிரான் கிர்க்கின் மரக் கோபுரம் எரிந்து விழுந்தது, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊருக்கென்று ஒரு தீயணைப்புப் படையை ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்ற இருபத்து நான்கு வயது இளைஞர் தலைமையில் உருவாக்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. யார் உத்தரவிடுவது என்பதில் நகரத் தலைவர்களும் நீதிபதிகளும் குழப்பியதும், அதற்குப் பிறகு பிரெய்ட்வுட் படையைத் திருத்தி அமைத்ததும், அவர் லண்டனுக்கு அழைக்கப்பட்டு, 1861-இல் டூலி தெருத் தீயில் சுவர் இடிந்து விழுந்து மாண்டதும் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. நிலவறைக்குள் வெந்தவர்களைப் பற்றி நான் பார்த்த எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை. கோபுரம் எத்தனை மணிக்கு விழுந்தது என்று எழுதிய ஊர், கூட்டம் கூட்டமாக ஆள் செத்ததை எழுதாமல் விட்டிருக்குமா? எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்; அதனால் அந்தக் கதையை நான் நம்பவில்லை. ஆனால் அறைகளில் குடியிருந்தவர்கள் யார், எத்தனை பேர் என்பதும் அங்கே ஒரு வரியும் இல்லைதான். அவர்கள் குடியிருந்ததை நான் நம்புகிறேன்.

பர்க்கும் ஹேரும் இந்த அறைகளில் உலாவினார்கள் என்ற கதையும் இப்படியே. அந்த இருவரும் 1828-ஐ ஒட்டிப் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை மருத்துவர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூற்று வகுப்புக்கு விற்றது உண்மை. அவர்கள் தொழில் நடத்தியது கோட்டைக்குத் தென்மேற்கே வெஸ்ட் போர்ட் பகுதியில். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பினான். பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கிலிட்டு, அவன் உடலையே அறுத்துப் பாடம் நடத்தினார்கள். அவன் எலும்புக்கூடு இன்றும் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பெயரும் முகவரியும் எலும்பும் உள்ள கொலைகாரர்கள் ஒரு பக்கம். பாலத்துக்கு அடியில் பெயரில்லாமல் வாழ்ந்தவர்கள் இன்னொரு பக்கம். சுற்றுலாவுக்குக் கொலைகாரர்களையும் கீழே இறக்கிவிட வேண்டியிருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் கசந்தது.

இதற்கு நேர்மாறான இடம் ஒன்றும் அதே ஊரில் உண்டு. ராயல் மைல் மேட்டின் வடக்குச் சரிவில், நகராட்சிக் கட்டடத்துக்கு அடியில் கிடக்கும் மேரி கிங்ஸ் க்ளோஸ். 1753-இல் மேலே பெரிய கட்டடம் எழுப்பத் தொடங்கியபோது, பழைய சந்தின் மேல் மாடிகளை இடித்துவிட்டுக் கீழ்ப்பகுதிகளையே அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். 1645 பிளேக்கின்போது நோயாளிகளை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிக் கொன்றார்கள் என்ற வதந்தி இந்தச் சந்துக்கு நெடுங்காலம் இருந்தது, அது பொய். உண்மையில் வீட்டோடு அடைபட்டவர்களுக்கு உணவு கொடுத்தார்கள், ஜார்ஜ் ரே என்ற மருத்துவர் பறவை மூக்கு வைத்த முகமூடியோடு வந்து கட்டிகளைச் சுட்டார், அவருக்குப் பேசிய சம்பளத்தைக் கொடுக்க நகரசபை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. சந்துக்குப் பெயர் தந்த மேரி கிங் ஒரு விதவை, வியாபாரி, நான்கு பிள்ளைகளின் தாய். இதெல்லாம் ஆவணங்களில் இருந்து வருபவை. அங்கேயும் ஒரு பேய் உண்டு. 1992-இல் வந்த ஜப்பானிய ஆவியுலகப் பெண்மணி ஒருவர் கண்டதாகச் சொன்ன ஆன்னி என்ற சிறுமி. பார்வையாளர்கள் அவளுக்கு வைத்துவிட்டுப் போன பொம்மைகள் ஒரு மூலையில் குவிந்திருக்கின்றன. பொம்மைகளைப் பார்த்தபோது நான் கேலி செய்ய வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன், வரவில்லை.

சவுத் பிரிட்ஜ் நிலவறைகளில் அறிவியலும் ஒருமுறை இறங்கிப் பார்த்திருக்கிறது. 2001-இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர், இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பத்து அறைகளில் தனித்தனியாக உட்கார வைத்து, என்ன உணர்ந்தார்கள் என்று எழுதச் சொன்னார். எந்த அறைக்குப் பேய்ப் பெயர் உண்டு என்று தெரியாதவர்கள்கூட, அந்தப் பெயர் பெற்ற அறைகளில்தான் அதிகமாக எதையோ உணர்ந்தார்கள். பேய் உண்டு என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். வைஸ்மன் நிறுத்தவில்லை, கூரையின் உயரம், வெளிச்சத்தின் அளவு போன்றவற்றோடு இந்த உணர்வுகள் பொருந்திப்போவதைக் காட்டினார். அறையே ஆளை உலுக்குகிறது; பிறகு ஆள் அந்த உலுக்கலுக்குப் பெயர் தேடுகிறான்.

எனக்குப் பிடித்த ஆள் வேறு ஒருவர். இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், பேய் இருப்பதாகப் பெயர் பெற்ற ஓர் ஆய்வுக்கூடத்தில் இரவில் தனியாக வேலை செய்தபோது, கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டு வெலவெலத்துப்போனார். மறுநாள் வாள்சண்டைப் போட்டிக்காகத் தன் வாளைப் பட்டறை இடுக்கியில் மாட்டினால், அலகு தானாக அதிர்கிறது. பேய் என்று ஓடாமல், இடுக்கியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, அறையின் நடுவில் அதிர்வு உச்சமாக இருப்பதைக் கண்டுபிடித்தார். புதிதாக மாட்டிய காற்றுப்போக்கி விசிறி, காதுக்கு எட்டாத, நொடிக்கு ஏறக்குறைய பத்தொன்பது அதிர்வுகள் கொண்ட ஓர் ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. 1998-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பாலத்தடியில் என் பாதத்தில் உணர்ந்த பேருந்தை நினைத்துக்கொண்டேன். லாரி போனால் ஆடும் சாமி படத்தையும்.

இந்த நிலவறைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடிபாடு கொட்டி மூடப்பட்டு, நூறாண்டுக்கு மேல் மறந்துபோய்க் கிடந்தன. 1980-களில் ஸ்காட்லாந்து ரக்பி வீரரான நோரி ரோவன், அங்கே கிடந்த ஒரு வழியைக் கண்டுபிடித்துத் திறந்தார். 1989 டிசம்பரில் ருமேனிய ரக்பி அணி எடின்பரோவுக்கு ஆட வந்தபோது, கிறிஸ்தியான் ரடுக்கானு என்ற ஆட்டக்காரரைத் தன் நாட்டு ரகசியப் போலீசின் கண்ணில் படாமல் இந்த அறைகள் வழியாகக் கடத்தித் தப்பவிட்டதும் ரோவன்தான். சில நாட்களிலேயே ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தது. பிறகு 1990-களில் ரோவனும் மகனும் நூற்றுக்கணக்கான டன் இடிபாட்டைக் கையால் அள்ளி வெளியேற்றினார்கள். அதற்குள் கிடைத்தவை: உடைந்த தட்டுகள், மருந்துக் குப்பிகள், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள், கூடை கூடையாக ஆளிச் சிப்பி ஓடுகள். ஆளி அன்று அந்தக் கடற்கரையில் ஏழைகளின் உணவு. வேலை முடிந்து வந்து இருட்டில் உட்கார்ந்து ஓட்டை உடைத்துத் தின்றுவிட்டு மூலையில் எறிந்திருக்கிறார்கள். ஜாக் என்ற பேய்ப் பையனுக்கு யாரோ பெயர் வைத்தார்கள்; அந்த விளையாட்டுப் பொருளை வைத்திருந்த பிள்ளைக்கும் ஒரு பெயர் இருந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு, மருமகனைக் கூட்டிக்கொண்டு கௌகேட் பள்ளத்துக்கு இறங்கினேன். திறந்திருக்கும் அந்த ஒற்றைக் கண்ணை அடியில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. சனிக்கிழமை. இரு பக்கமும் மதுக்கடைகளின் இரைச்சல். வளைவுக்கு அடியில் இசையும் சிரிப்பும் மோதித் திரும்பின. எல்லாவற்றுக்கும் மேலே தூறல். பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் உச்சிக்கல் தெரிந்தது. கல் வேலை நன்றாகவே இருந்தது. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வளைவு கொஞ்சமும் அசையவில்லை. அண்ணாந்தபடியே அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்ன மாமா, பேய் எதுவும் தெரியுதா?” என்றான்.

“ஒழுகுதான்னு பாக்குறேன்டா.”

அவனும் பக்கத்தில் வந்து அண்ணாந்தான். கொஞ்ச நேரம் கழித்து, வடக்குப் பக்கத் தாங்கு சுவரை ஒட்டி ஓரிடத்தைக் கை நீட்டிக் காட்டினான்.